இரண்டு வெள்ளைக்குப் பிறந்த சிவப்பு

உ

புதுச்சத்திரம்,
1984, தை மாதம்.

திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் லாரிகளின் முதலாளியாக விளங்கும் என் மதிப்பிற்குரிய சம்பந்தி சென்னியப்பன் அவர்கள் சமூகத்துக்குப் புதுச்சத்திரம் மருதாசலம் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் என் மனைவி வள்ளியாத்தாள், தங்கள் மருமகள் வசந்தாமணி, தங்கள் பேரன், கொட்டகைக் கோழிகள், தொட்டிச் செடிகள் ஆகிய அனைவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மா சௌந்திரம் அவர்களும் மாப்பிள்ளை வெள்ளியங்கிரியும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் தாங்கள் கார் கதவைச் சாத்திய வேகத்தைப் பார்த்தால் உடம்பில் தெம்புக்குக் குறைவில்லை என்றே தெரிகிறது.

மேற்படி நாளில் தாங்கள் கோபத்தோடு புறப்பட்டபோது, அழைத்து வந்த மேளக்காரர்களில் இரண்டு பேரை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். கல்யாண வீடா, கருமாதி வீடா என்று தெரியாமல் அவர்கள் தவிலைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார்கள். சாப்பாடு போட்டு பஸ் ஏற்றி அனுப்பினேன். மைசூர்பாகு டப்பா ஒன்றும் விட்டுப் போயிருக்கிறது. பேரனுக்கென்று கொண்டுவந்த தங்க அருணாக்கொடியைச் சம்பந்தியம்மா மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அது பற்றித் தங்களுக்குக் கவலை வேண்டாம். நிற்க. ‘சம்பந்தி என்று மதித்துப் போனேன், நடுவாசலில் நிற்க வைத்துச் செருப்பைக் காட்டினான்’ என்று தாங்கள் வழிநெடுக டீக்கடை டீக்கடையாக வண்டியை நிறுத்திச் சொல்லிக்கொண்டு போனதாகக் கேள்வி. நான் காட்டியது பூ. அந்தப் பூவுக்குப் பெயர் அப்படி அமைந்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்யட்டும்? தாங்கள் ஒரு வார்த்தை பேசவிடாமல் போய்விட்டதால் எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுதுகிறேன். சிரமம் பாராமல் முழுக்கப் படிக்க வேண்டும். இதில் என் மகள் வாழ்வு இருக்கிறது.

நான் சேர்வராயன் மலையில் காப்பி எஸ்டேட் ரைட்டராக இருந்தது தங்களுக்குத் தெரியும். பங்களாவில் துரைசானி வளர்த்துவிட்டுப் போன செடிகளில் ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்று ஒரு ஜாதி. பூவுக்கு முன்னால் ஒரு பை தொங்கும், செருப்பின் முன்பாதி மாதிரியே இருக்கும். தோட்டக்காரர்கள் செருப்புப் பூ என்பார்கள். சாதாரணமாக அது சிவப்பும் ஊதாவும் கலந்து பூக்கும். வெள்ளை அபூர்வம். ரிட்டயர் ஆனபோது மற்றவர்கள் கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டார்கள், நான் எங்கள் பங்களாவில் இருந்த வெள்ளைப் பூச்செடியைக் கேட்டு வாங்கினேன். மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டிலும் ஒரு வெள்ளை இருந்தது, அதையும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். இரண்டிலும் ஒரு பொட்டுச் சிவப்புக் கிடையாது. இந்த ரெண்டையும் கூட்டினால் பால் மாதிரி ஒரு வெள்ளை வரும், அதற்கு வசந்தாமணி என்று பேர் வைக்க வேணும் என்று எனக்கு ஒரு பைத்தியம். இதே பைத்தியத்தில்தான் நிச்சயதார்த்தத்தன்று ஒரு தொட்டியைச் சீர்த்தட்டில் வைத்து, ‘சம்பந்திக்கு வெள்ளைச் செருப்பு ஒண்ணு வெச்சிருக்கேன்’ என்று சபையில் சொல்லித் தொலைத்தேன். தங்கள் பங்காளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். அன்றைக்கே நான் புத்தி படித்திருக்கோணும்.

மலைக் குளிர்ல வளர்ந்த செடியை இந்த வேகாத வெயில்ல கொண்டாந்து வெச்சா அது என்ன பண்ணும்? கோழிக் கொட்டகையில பாதியைத் தடுத்து, சுத்தியும் ஈரச்சாக்குக் கட்டி, சித்திரை வைகாசியில நாமக்கல்ல இருந்து ஐஸ்கட்டி வாங்கியாந்து நடுவுல வெச்சு, நானும் அதுங்களோடயே உக்காந்திருப்பேன். ‘கட்டுன பொண்டாட்டி அடுப்படியில வேவறா, செடிக்கு ஐஸு’ன்னு வள்ளியாத்தா பேசாத பேச்சில்ல. சேலத்துக் காலேஜ்ல தாவரப் பாடம் நடத்தற வாத்தியார் ஒருத்தர், பேரு அருணகிரி, அவருகிட்ட யோசனை கேட்டேன். ‘வெள்ளை வேணும்னா அதே செடியோட பூவை அதுக்கே சேத்துருங்க, இல்லாட்டி ஒரே காய்ல வந்த ரெண்டு செடியைச் சேருங்க, கண்ணை மூடிக்கிட்டு வெள்ளை வரும்’னாரு. எனக்குக் காது கூசிப் போச்சுங்க. ஒரே காய்ல வந்ததுன்னா அண்ணந்தங்கச்சியில்லீங்களா? ஒரே குலத்துல, ஒரே கூட்டத்துக்குள்ள பொண்ணு எடுத்தாலே சாமி குத்தம்ங்கற குடும்பத்துல பொறந்துட்டு, என்ற கொட்டகையில அந்த அக்கிரமத்தை நானே நடத்தறதா? ‘பங்காளிக்குள்ள கட்டி வெக்கற பாவம் எனக்கு வேண்டாமுங்க வாத்தியாரே, வேற கூட்டத்துல சம்பந்தம் பண்ணிக்கறேன்’னேன். ‘செடிக்கு ஏதுங்க கூட்டம்?’னாரு. ‘ஏன் இல்லாம?’ன்னேன். அவரு தலையில அடிச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டாரு. நான் நல்ல முகூர்த்தம் பாத்து, இந்த எஸ்டேட் வெள்ளையோட மகரந்தத்தை ஈர்க்குச்சி முனையில எடுத்து அந்த எஸ்டேட் வெள்ளைக்கு வெச்சேன். ‘மஞ்சக் கயிறு குடுக்கட்டுமா?’ன்னு வள்ளியாத்தா கேலி பண்ணுனா. குடுன்னு வாங்கிக் கட்டுனேன், எந்தப் பூவுல வெச்சேன்னு அடையாளம் தெரியோணுமில்லீங்க.

காய் முத்தறதுக்கே நெம்ப நாளாச்சு. உள்ளார விதைன்னு பாத்தா மூக்குப்பொடி மாதிரி இருக்குது, மண்ணுல போட்டா மொளைக்காதாம். கடல்பாசி, சர்க்கரை, இளநி எல்லாம் காய்ச்சிக் கண்ணாடிப் புட்டியில ஊத்தி, குக்கர்ல வெச்சு அவிச்சு, காத்துப் படாம விதைக்கோணும். புட்டிக்கு நான் எங்க போறது? எஸ்டேட்ல துரைமார் குடிச்சுப் போட்ட பிராந்திப் புட்டி மூட்டையாக் கெடந்தது, கொண்டாந்தேன். அப்ப மதுவிலக்கு அமல்ல இருந்த காலம். கொட்டகையில வரிசையாப் பிராந்திப் புட்டி, உள்ள கலங்கலா என்னமோ, பக்கத்துல குக்கர் உஸ்ஸுங்குது, திரும்பிப் பாத்தா வாசல்ல போலீசு. ‘என்னய்யா சரக்கு?’ன்னாரு. எனக்கு வந்த பயத்துல ‘கொழந்தைங்க’ன்னுட்டேன். அவரு ஒரு புட்டியைத் தெறந்து மோந்து பாத்தாரு, காத்துப் பட்டதுல அந்தப் புட்டி பூசணம் புடிச்சுச் செத்துப் போச்சு. இப்படிச் செத்தது போவ மீதியைத் தொட்டிக்கு மாத்தினேன். பூ நல்லா வெளுத்து வரட்டும்னு பால் ஊத்திப் பாத்தேன், எறும்பு வந்தது. குங்குமப்பூக் கரைச்சு ஊத்திப் பாத்தேன், வள்ளியாத்தா வந்தா. அருணகிரி வாத்தியாரு, ‘வெயில் எச்சானா நெறம் கொஞ்சம் வெளிறும், குளிர் எச்சானா கொஞ்சம் அடர்த்தியாவும், உரத்துல சித்தெ முன்னபின்ன ஆவும், அவ்வளவுதான். வெள்ளையா செவப்பாங்கறது ஆத்தாளும் அப்பனும் குடுத்தது, பாலாபிசேகம் பண்ணி மாத்த முடியாது’ன்னு சொன்னாரு. நான் எங்க கேட்டேன்?

செடி பூக்கறதுக்குள்ள வருசம் பல ஓடிப் போச்சு, இடையில நம்ம சம்பந்தமும் ஆச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப, காப்பியை வாங்கின கையோட சம்பந்தியம்மா சொன்ன மொத வார்த்தை, ‘பொண்ணு நல்ல செவப்பு.’ மாப்பிள்ளையும் செவப்பு. ரெண்டு செவப்பும் சேந்தா பொறக்கறது ரோசாப்பூவாட்டம் இருக்கும்னு பந்தல்ல பந்திக்குப் பந்தி பேச்சு. நம்ம பக்கம் மனுசரு தோல் வெளுப்பா இருந்தா செவப்புங்கறோம், பூவு செவப்புன்னா நெசமாலுமே செவப்பு. இந்த ஒத்தை வார்த்தை ஒரு நாளைக்கு என்ற தலையில இடியா எறங்கும்னு அப்ப எனக்குத் தெரியலீங்க.

தலைப்பிரசவம் எங்க ஊட்ல. போன ஆவணியில பையன் பொறந்தான். நல்ல கறுப்பு. கண்ணும் மூக்கும் அம்சமா, கையும் காலும் கெட்டியா, இருட்டுல படுத்திருந்தா சிரிச்சாத்தான் இருக்கற எடம் தெரியும்ங்கற மாதிரி ஒரு கறுப்பு. நீங்கெல்லாம் பாக்க வந்தீங்க. சம்பந்தியம்மா தொட்டில்ல குனிஞ்சு, சேலைத் தலைப்பால கொழந்தை கன்னத்தைத் தொடைச்சுப் பாத்தாங்க. தலைப்பைத் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் என்ற மவளைப் பாத்து, ‘ரெண்டு செவப்புக்கும் கறுப்பு எப்படிடி பொறக்கும்?’னாங்க. மாப்பிள்ளை ரிக் வண்டியோட ஆந்திராப் பக்கம் போயிருந்த மாசத்தை வெரல் விட்டு எண்ணுனாங்க. பெத்துப் போட்டு எந்திரிச்சு உக்காரத் தெம்பில்லாத புள்ளைங்க அவ. ஒரு சொல்லு பதில் சொல்லலை, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. மூணாம் மாசம் வந்து கூட்டிக்கிட்டுப் போவீங்கன்னு முறுக்குச் சுட்டு வெச்சோம். நமுத்துப் போச்சு. தகப்பன் ஊட்டுக்காரங்க வந்துதான பேர் வெக்கோணும், அதுவும் நடக்கலை. ‘சாமி, சாமி’ன்னே இன்னிக்கு வரைக்கும் கூப்புட்டுக்கிட்டு இருக்கறோம்.

வள்ளியாத்தாளுக்கு நாலு பேரு நாப்பது வழி சொன்னாங்க. மாசமா இருக்கறப்ப ஆஸ்பத்திரியில குடுத்த இரும்பு மாத்திரை தின்னதுலதான் புள்ளை கறுத்துப் போச்சுன்னா ஒருத்தி. அதை நம்பிக் கடலமாவும் பாலேடும் போட்டு இவளும் தேச்சா தேச்சா, புள்ளை தொடை புண்ணாகி வீறிட்டு அழுவுது. வசந்தாமணி வந்து புடுங்கிக்கிட்டுப் போனா. அப்பவும் பேசலை. அப்புறம் ஒரு நா மத்தியானம், கோழிக்குத் தீனி வெச்சுட்டு வாரேன், கெணத்து மேட்டுல புள்ளையைத் தோள்ல சாத்திக்கிட்டு நிக்கறா. ‘என்ன அம்மிணி?’ன்னேன். ‘துணி தொவைக்க வந்தேனுங்கப்பா’ன்னா. கையில துணி இல்லீங்க. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள கெணத்து வாயை மூடிக் கோழி வலையை இழுத்துக் கட்டிப் போட்டேன். கேக்கறவங்களுக்கெல்லாம், கோழி உழுந்துருது, அதுக்காவன்னு சொல்லி வெச்சேன். வலையை விலக்கித் தண்ணி சேந்தறது வள்ளியாத்தாளுக்குப் பெரும் சள்ளை, ஆனா அவளும் ஏன்னு கேக்கலை.

இந்த லட்சணத்துல மார்கழியில செடி மொட்டு விட்டது. எத்தனை வருசக் காத்திருப்பு! ஒரு நா காலையில சாக்கை விலக்கிப் பாக்கறேன், பூத்திருக்குது. செவப்புங்க. நாவப்பழத்தை நசுக்கிப் பூசின மாதிரி செவப்பு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், தொட்டியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, ‘ரெண்டு வெள்ளைக்கும் நீ எப்படிடா பொறந்தே? உங்க ஆத்தா எவங்கூடப் போனா?’ன்னு கத்திப் போட்டேன். பின்னால சத்தம் கேட்டுது. வசந்தாமணி. முட்டை எடுக்க வந்தவ, கூடையோட நின்னுக்கிட்டு என்னையவே பாக்கறா. தொட்டியைக் கீழ வெச்சுட்டேனுங்க. சம்பந்தியம்மா கேட்டதை நானும் அதே வாயால கேட்டுட்டேன். அவ பக்கத்துல வந்து, பூவை இப்படி ஒரு வெரலால நிமுத்திப் பாத்துட்டு, ‘அழகாத்தானுங்கப்பா இருக்குது’ன்னு சொல்லிப் போட்டுப் போனா. கெணத்து மேட்டுல சொன்ன பொய்யை விட்டா, அத்தனை மாசத்துல அவ முழுசாப் பேசின மொத வார்த்தை அது.

ஏதோ வண்டு வந்து கெடுத்துருச்சுன்னுதான் நெனைச்சேன். ஆனா அந்த வாரத்துல அடுத்தடுத்துப் பூத்ததெல்லாம் செவப்பு. வண்டு கெடுத்தா ஒண்ணு ரெண்டு மாறும், அத்தனையுமா மாறும்? அருணகிரி வாத்தியாருக்குத் தந்தி குடுத்தேன், சாவோ என்னமோன்னு அலறியடிச்சு வந்து சேந்தாரு. பூவைப் பாத்துட்டுச் சிரி சிரின்னு சிரிச்சாரு. ‘கூட்டம் பாத்தீங்கல்ல, அதோட பலன்’னாரு. செவப்புச் சாயம் உண்டாவ ரெண்டு சாமான் வேணுமாம். இந்த எஸ்டேட் வம்சத்துல ஒரு சாமான் இல்ல, அந்த எஸ்டேட் வம்சத்துல இன்னொரு சாமான் இல்ல, அதனால ரெண்டும் வெள்ளையாத் தெரிஞ்சுது. ஒரே கூட்டமா இருந்திருந்தா ரெண்டு பக்கமும் அதே சாமான்தான் இல்லாம இருக்கும், வெள்ளைதான் பொறந்திருக்கும். நான் வேற கூட்டமாப் பாத்துக் கட்டுனதுல இதுகிட்ட இல்லாததை அது குடுத்துது, அதுகிட்ட இல்லாததை இது குடுத்துது. மனுசத் தோலு இத்தனை சுளுவில்ல, அதுல எத்தனையோ சாமான் கலக்குதுன்னும் சொன்னாரு. ஆனா ஆத்தா அப்பன்கிட்டக் கண்ணுக்குத் தெரியாம கெடக்கறது புள்ளைகிட்ட வெளிய வரும், அது நெசம்ன்னாரு. நான் முழிச்சேன். வள்ளியாத்தா காப்பி கொண்டாந்தவ, ‘இதுக்கு எதுக்குங்க காலேஜு? மஞ்சள் மஞ்சளா இருக்குது, சுண்ணாம்பு வெள்ளையா இருக்குது, ரெண்டையும் தண்ணியில கரைச்சா ஆரத்தி செக்கச்செவேல்னு வரலியா? நடுவுல எவன் வந்து குங்குமத்தைக் கொட்டுனான்?’னா. வாத்தியாரு டம்ளரைக் கீழ வெச்சுட்டுக் கையெடுத்துக் கும்புட்டாரு. நான் அழுதுட்டேனுங்க. சொல்ல வெக்கமில்ல, கொட்டகையில உக்காந்து கேவிக் கேவி அழுதேன். என்ற மவளுக்குச் சாட்சி கெடைச்சுதுன்னு அழுதேன்.

அழுதவன் அழுதுட்டுச் சும்மா இருந்திருக்கலாம். முட்டை லாரி ஓட்டற சென்றாயன் அப்பத்தான் திருச்செங்கோட்டுக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தான். அவனைக் கூப்புட்டு, ‘சம்பந்தி ஊட்ல சொல்லு, ரெண்டு வெள்ளைக்கும் செவப்புப் பொறந்துருச்சு, ஒடனே வந்து பாருங்கன்னு சொல்லு’ன்னு சொல்லியுட்டேன். அவன் சந்தையில லோடு எறக்கி, டயர் பஞ்சர் ஒட்டி, உங்க ஊட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள அதுல பாதி வழியில உழுந்து போச்சு. ‘செவப்பாயிருச்சாமுங்க, ஒடனே வரச் சொன்னாரு’ன்னு சொல்லியிருக்கான். கொழந்தை செவப்பாயிருச்சுன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க. எந்தச் சாமி கண்ணைத் தொறந்துச்சோன்னு காரு, மேளம், மைசூர்பாகு, தங்க அருணாக்கொடி! எங்க வாசல்ல மேளச் சத்தம் கேட்டப்ப நான் நெசமாலுமே பூவைப் பாக்கத்தான் மேளத்தோட வந்துட்டீங்கன்னு நெனைச்சுப் பூரிச்சுப் போயிட்டேன். சம்பந்தியம்மா ஓடி வந்து தொட்டில்ல பாத்தாங்க. கறுப்பு. போனதைவிடச் சித்தெ கூடவே கறுப்பு. ‘எங்கய்யா செவப்பு?’ன்னு நீங்க கேட்டீங்க. ‘இந்தா!’ன்னு தொட்டியை உங்க மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். ‘என்னது இது?’ன்னீங்க. ‘செருப்பு’ன்னேன்.

அதுக்கப்புறம் நடந்ததை நான் சொல்லோணுமா? மேளக்காரங்க நிறுத்தறதா வேண்டாமான்னு தெரியாம வாசிச்சுக்கிட்டே நின்னாங்க. அந்தச் சத்தத்துக்கு மேல சம்பந்தியம்மா கையை நீட்டி, லாரிக்குப் பக்கத்துல கன்னங்கரேல்னு நின்ன சென்றாயனைக் காட்டி, ‘சேதி சொல்ல இவன்தான் கெடைச்சானா? கறுப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுது’ன்னாங்க. எனக்கு அது வரைக்கும் தெரியாதுங்க. ஊருக்கே தெரிஞ்ச வதந்தி எனக்கு மட்டும் தெரியலை. மாப்பிள்ளை ஊர்ல இல்லாதப்ப, மாசமா இருந்த புள்ளையை, பஸ் இல்லைன்னு, இதே சம்பந்தியம்மா சொல்லித்தான் சென்றாயன் லாரியில ஏத்திக் கொண்டாந்து எங்க ஊட்ல எறக்கினான். ‘கண்ணு, பாத்து எறங்கு’ன்னு பலகை எடுத்துப் போட்டு எறக்கினான். அவனுக்கு வசந்தாமணி வயசுல தங்கச்சி இருக்குது. அவன் அன்னிக்கு லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்தவன், நீங்க போயி நெம்ப நேரம் கழிச்சுத்தான் எந்திரிச்சான். அப்போ இருந்து எங்க ஊட்டு முட்டையை வேற ஆளு வந்து எடுக்கறான். இத்தனைக்கும் நடுவுல மாப்பிள்ளை காரை விட்டு எறங்கவே இல்ல. வசந்தாமணி புள்ளையைத் தூக்கிக்கிட்டுக் காரு கிட்டப் போனா. அவரு கண்ணாடியை ஏத்தி விட்டுட்டாரு. நான் பாத்தேனுங்க.

சம்பந்தி, உங்களைக் குத்திக் காட்ட எழுதலை. உங்க அய்யன், மாப்பிள்ளைக்குத் தாத்தா, அவரு பேரு கருப்பண்ணன். கொழந்தையைப் பாக்க வந்தீங்களே, அன்னிக்கே வாய் விட்டுக் கேட்டேன், ‘அது சாமி பேரு, நெறத்துக்கு வெச்சதில்ல’ன்னீங்க. இருக்கலாம். உங்க ஊட்டுப் போட்டோவுல அவரு வெளுப்பாத்தான் இருக்காரு, அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரன் பூசற பவுடரு நமக்குத் தெரியாதா? கருப்பணாருக்குக் கெடா வெட்டிப் பொங்கல் வெச்சு, ‘கருப்பா காப்பாத்து’ன்னு உழுந்து கும்படறோம். அந்த நெறத்துல ஊட்ல ஒரு புள்ளை பொறந்தா ஆத்தாளைச் சந்தேகப்படறோம். என்ன ஞாயமுங்க இது? தாங்கள் பெரியவர். நான் பூவைத் தப்பாகக் காட்டியிருக்கலாம், வார்த்தையைத் தப்பாகச் சொல்லியிருக்கலாம். என் மகள் தப்புச் செய்யவில்லை. தைப்பூசத்துக்கு முன்னால் நல்ல நாள் பார்த்து வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ள வேண்டும். தாங்கள் வரச் சௌகரியப்படாவிட்டால் நானே கொண்டுவந்து விடுகிறேன். தங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். அவர்கள் வாசலில் வந்து நிற்கும்போது சம்பந்தியம்மா ஒரு தட்டில் ஆரத்தி கரைக்கட்டும். கரைக்கும்போது மட்டும் தட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். வேறொன்றும் நான் கேட்கவில்லை. சாட்சிக்கு, பூத்ததிலேயே நல்ல பூவாக ஒன்றைப் பறித்து, ஈரப்பஞ்சு சுற்றி டப்பாவில் வைத்து இத்துடன் அனுப்புகிறேன். சென்றாயன் கையில் கொடுத்தனுப்பவில்லை, தபாலில் ரிஜிஸ்தர் செய்கிறேன்.

தங்கள் வீட்டில் விளக்கு எரிய, ரிக் போட்ட இடமெல்லாம் தண்ணீர் பொங்க, சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி தீர, மாப்பிள்ளை மனம் இளக எல்லாம் வல்ல அர்த்தநாரீசுவரரைக் கும்பிட்டு முடிக்கிறேன். பாதி ஆணும் பாதி பெண்ணுமாக உங்கள் ஊர் மலை மேல் நிற்கிற அவருக்குத் தெரியும், எந்தப் பாதியில் இருந்து என்ன வருமென்று.

தங்கள் அன்புக்கும் மன்னிப்புக்கும் காத்திருக்கும்,
மருதாசலம்.

பின்குறிப்பு: டப்பாவில் பூ இருக்காது, தேட வேண்டாம். பறித்த பூவைப் பாயில் வைத்துவிட்டுப் பஞ்சு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் தங்கள் பேரன் கவிழ்ந்து, ஊர்ந்து, சாட்சியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். செருப்பு முழுக்க உள்ளே போய்விட்டது. நான் பதறிப்போய் விரலை விட்டுத் தோண்ட, அவன் என் விரலைக் கடிக்க, வாயெல்லாம் சிவப்பு. வசந்தாமணி பார்த்துவிட்டுச் சிரிச்சாளுங்க. கண்ணுல தண்ணி வர, வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. வள்ளியாத்தா அடுப்படியில இருந்து ஓடி வந்து, என்னமோ ஏதோன்னு நின்னவ, தானும் சேந்து சிரிச்சா. ‘இன்னொரு பூ பறிக்கறேன்’னு நான் எந்திரிச்சேன். ‘எதுக்குங்கப்பா?’ன்னா. காயிதத்தை வாங்கி முழுக்கப் படிச்சா. படிச்சுட்டு மடிச்சு, ‘என்னைய நம்பறதுக்கு ஒரு பூவு வந்து சாட்சி சொல்லோணும்னா, அந்த ஊட்டுக்கு நான் எதுக்குங்கப்பா?’ன்னு கேட்டா. பேனாவை மறுபடி எடுத்தேனுங்க. அதுக்குப் பதில் உங்களுக்கு வருதா பாருங்க.

ஆகவே சம்பந்தி, மேலே ‘அழைத்துக்கொள்ள வேண்டும்’, ‘காலில் விழுகிறேன்’, ‘மன்னிப்பு’ என்றெல்லாம் வருகிற இடங்களை அடித்துவிட்டுப் படிக்கவும். திரும்ப எழுதக் கை வலிக்கிறது. ஆரத்தி கரைக்கவும் வேண்டாம். இன்றைக்குக் காலையில் வசந்தாமணியே மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தாள், வள்ளியாத்தாள் தாயையும் பிள்ளையையும் எங்கள் வாசலிலேயே நிற்க வைத்துச் சுற்றினாள். பேரும் வைத்தாகிவிட்டது. கருப்பண்ணன். ‘சாமி பேருதானுங்கப்பா’ என்று சொல்லிவிட்டாள். கடிதத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாமாம், ‘சென்றாயண்ணன் கையிலயே குடுத்துடுங்க, ஒளிஞ்சுக்கிட்டுத் திரிய அவரு என்ன தப்புப் பண்ணுனாரு?’ன்னா. அவனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தனுப்புகிறேன், மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து அனுப்பவும். மைசூர்பாகு டப்பாவும் வருகிறது, பாகு தின்றாகிவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கெணத்தடியில இருந்து கூப்புட்டா. ‘ஏனுங்கப்பா, இந்தக் கோழி வலையை எடுத்துப் போடுங்க, தண்ணி சேந்த எடைஞ்சலா இருக்குது’ன்னா. போயி எடுத்துப் போட்டுட்டு வந்தேன்.